அறுந்து விழுந்த கம்பியில் கரண்ட் ஏன் நிற்பதில்லை?

2023 நவம்பரில் பெங்களூரு காடுகோடி ஹோப் ஃபார்ம் சந்திப்பருகே, நடைபாதையில் அறுந்து கிடந்த 11 கேவி (11,000 வோல்ட்) கம்பியை விடியற்காலை இருட்டில் மிதித்து ஓர் இளம் தாயும் அவர் கைக்குழந்தையும் இறந்தார்கள். இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் அல்சூர் டீக்கடையிலும் விவேக்நகர் வாட்சப் குழுவிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: கம்பி அறுந்தால் மின் ஸ்டேஷனில் தானாக டிரிப் ஆகாதா?

ஆகலாம். ஆகாமலும் போகலாம். டிரிப் செய்ய, அதாவது கரண்டைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவி ரிலே. அதற்குக் கம்பி தெரியாது, கம்பம் தெரியாது, மிதித்த மனிதரும் தெரியாது. தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். விழுந்த கம்பியிலிருந்து போதுமான ஆம்பியர் மண் வழியாக ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தால் பிரேக்கர் திறந்து கரண்டைத் துண்டிக்கும். வராவிட்டால், ரிலேவின் கணக்கில் எல்லாம் சுகமே. எர்த்திங், ஃபியூஸ், கார்டு வயர், லைன் கிளியர் என்று மின்வாரியக்காரர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு, கரண்ட் திரும்பி வர நல்ல வழி அமைத்துக் கொடுப்பதும், அந்த வழியில் மனித உடம்பு குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

முதலில் கரண்ட் வரும் பாதையைப் பார்த்துவிடலாம். இந்த ஊருக்கும் மின்சாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து தமிழர்கள் பெருவாரியாக வேலை செய்த கோலார் தங்கவயலுக்கு லைன் இழுத்தார்கள். 1905இல் பெங்களூருக்கு விளக்கு வந்தது. இன்றைய ஏற்பாட்டில் 400, 220 கேவி நிலையங்களிலிருந்து 66 கேவிக்கு இறங்கி, பேட்டைக்குப் பேட்டை இருக்கும் 66/11 கேவி துணை மின்நிலையத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 110, 33 என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த 66 கொஞ்சம் புதிதாக இருக்கும். துணை மின்நிலையத்திலிருந்து ஃபீடர்கள் எனப்படும் 11 கேவி லைன்கள் கிளம்பித் தெருவுக்கு வருகின்றன. தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதை 433 வோல்ட்டாக்கி வீட்டுக்கு அனுப்புகிறது. துணை மின்நிலையம் மின்கடத்து நிறுவனமான கேபிடிசிஎல் வசம், அதைத் தாண்டிய ஃபீடரும் தெருவும் விநியோக நிறுவனமான பெஸ்காம் வசம். ஸ்விட்ச் ஒரு நிறுவனத்திடமும் அந்த ஸ்விட்சை நம்பிக் கம்பத்தில் ஏறும் ஆள் இன்னொரு நிறுவனத்திலும் இருக்கிறார்கள். லைன் கிளியர் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவினை முக்கியமாகிறது.

ரிலேவுக்குத் தெரியாத கரண்ட்

11 கேவி ஃபீடருக்கு இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. ஓவர் கரண்ட் ரிலே, பேஸும் பேஸும் மோதினால் பாயும் பெரிய மின்னோட்டத்துக்கு. எர்த் ஃபால்ட் ரிலே, மண்ணில் கசியும் மின்னோட்டத்துக்கு. ஸ்டேஷனில் 400/1 விகித சி.டி. (மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேவுக்குக் காட்டும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்து, எர்த் ஃபால்ட் 10 சதவீதத்தில் வைக்கப்பட்டிருந்தால், மண் வழியாக 40 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது கண்ணைத் திறக்கும். 20 சதவீதம் என்றால் 80 ஆம்பியர்.

தரையில் கிடக்கும் கம்பி எத்தனை ஆம்பியர் இழுக்கும்? 12.5 கேவி லைன்களில் செய்த சோதனைகளிலிருந்து பொறியாளர்கள் பல காலமாகக் கையாளும் எண்கள் உண்டு. காய்ந்த தார்ச்சாலையில், ஏறக்குறைய பூஜ்யம். கம்பி கட்டாத கான்கிரீட்டிலும் அப்படியே. காய்ந்த மணலில் பூஜ்யம், ஈர மணலில் 15 ஆம்பியர். காய்ந்த புல்லில் 25, ஈரப் புல்லில் 50. உள்ளே இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் 75. இந்தப் பட்டியலை நம் 40 ஆம்பியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெங்களூரு நடைபாதையின் சிமென்ட் பாளத்திலும் தாரிலும் விழும் கம்பியில் பல நேரம் எர்த் ஃபால்ட் ரிலே எழுந்திருக்கவே செய்யாது. ஓவர் கரண்ட் ரிலேவுக்கோ கேட்கவே வேண்டாம். ஒரு 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் 11 கேவி பக்கம் இழுப்பதே 13 ஆம்பியர். ஈர மணலில் கிடக்கும் கம்பி அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாக ஓடுவதுபோல்தான் தெரியும். மனிதரைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அப்படியானால் ரிலேவை 5 ஆம்பியரில் வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம், அதற்கென்றே சென்சிட்டிவ் எர்த் ஃபால்ட் ரிலே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நிலத்தடி கேபிள் நீளமாக உள்ள ஊரில் கேபிளே ஒரு மின்தேக்கி. பக்கத்து ஃபீடரில் ஃபால்ட் வந்தால் நல்ல ஃபீடரிலும் மண் வழியே கொஞ்சம் கரண்ட் ஓடும். கரண்ட் வந்த நொடியில் டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்றாகப் பெரிதாக இழுக்கும்போது சி.டி.க்கள் தப்புக் கணக்குக் காட்டும். இதற்கெல்லாம் டிரிப் ஆனால் பேட்டை முழுக்க இருட்டு, 1912 என்ற புகார் எண்ணுக்குப் போன்மழை. அதனால் ஆம்பியரைக் குறைத்து வைத்தால் சில நொடி தாமதத்தைச் சேர்த்து வைக்கிறார்கள். புதிய எண்முறை ரிலேக்களில் மூன்று பேஸ்களின் சமநிலை குலைகிறதா என்று பார்க்கும் வசதியும் இருக்கிறது. அறுந்த கம்பியைப் பிடிக்க அதுவே நல்ல வழி. பல இடங்களில் ரிலேவுக்குள் அந்த வசதி இருந்தும், அளவு போட்டு இயக்கி வைத்திருக்க மாட்டார்கள். செலவே இல்லாத திருத்தம் அது.

இன்னொரு பேச்சும் உண்டு: ஸ்டேஷன் பக்கத் துண்டுதான் ஆபத்து, அந்தப் பக்கத் துண்டு செத்த கம்பி என்பது. தவறு. தெரு டிரான்ஸ்ஃபார்மரின் 11 கேவி சுற்று டெல்டா இணைப்பில், அதாவது மூன்று சுற்றுகளும் முக்கோணமாக இணைந்து இருக்கிறது. மற்ற இரண்டு பேஸிலிருந்து வரும் கரண்ட் அந்தச் சுற்றுகள் வழியாகவே அறுந்த பேஸுக்கு வந்து சேரும். தரையில் கிடக்கும் அந்தத் துண்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், ஆனால் பாயக்கூடியது சில ஆம்பியர்தான். எந்த ரிலேவும் அதைப் பார்க்காது. ஆளைக் கொல்ல அது தாராளம்.

இதனால்தான் சாலையைக் கடக்கும் இடங்களில் 11 கேவி லைனுக்குக் கீழே கார்டு வயர் கட்டச் சொல்கிறது விதி. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியில் தொட்டில் போல் பின்னி, அதைத் தனியே எர்த் செய்திருப்பார்கள். கம்பி அறுந்து தார்மேல் விழுவதற்கு முன் அந்தத் தொட்டிலைத் தொட்டால் மண்ணுக்கு நல்ல வழி கிடைக்கும், நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், ரிலே எழும். துருப்பிடித்து ஒரு பக்கம் அறுந்து தொங்கும் கார்டு வயரையும், எர்த் கம்பி திருடுபோன கார்டு வயரையும் நகரத்தில் எங்கும் பார்க்கலாம். எர்த் இல்லாத கார்டு வயரை ஒப்புக்குக் கட்டிய கம்பி என்றுதான் சொல்ல வேண்டும்.

கம்பி ஏன் அறுகிறது என்பதும் ஒரே நாளில் நடக்கும் கதையல்ல. 11 கேவியில் அதிகம் பயன்படும் ராபிட் கம்பியில் 3.35 மிமீ தடிமனில் ஆறு அலுமினிய இழைகளும் நடுவே ஓர் எஃகு இழையும். குல்மோகர் கிளையோ அணிலோ ஒருமுறை பொறி தட்டினால் இரண்டு இழை கருகும். அன்று டிரிப் ஆகும், மறுபடி சார்ஜ் செய்வார்கள் (கரண்ட் கொடுப்பார்கள்), டிரிப் ஆகாமல் ஓடும். மிச்ச நான்கு இழைகள் முழு லோடையும் சுமந்து சூடேறித் தொய்யும். ஏப்ரல், மே மாதக் கோடைமழைக் காற்றில் ஒருநாள் அறுந்து விழும். லைன்களை இணைக்கும் ஜம்பர் கம்பியில் கிளாம்ப் தளர்ந்து பொறிவதும், செம்பையும் அலுமினியத்தையும் பைமெட்டல் கிளாம்ப் இல்லாமல் முறுக்கி விடுவதும் இதே முடிவுக்குத்தான் கொண்டுவிடும். அகச்சிவப்புக் கேமராவால் இரவு லோடு நேரத்தில் லைனைப் பார்த்தால் இந்தச் சூடான மூட்டுகள் வெள்ளையாகத் தெரியும்.

இன்னொன்று, மறுபடி சார்ஜ் செய்வது. எர்த் ஃபால்ட்டில் டிரிப் ஆன ஃபீடரை லைனைச் சுற்றிப் பார்க்காமல் 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று சார்ஜ் செய்யும் வழக்கம் மேல்நிலை லைனில் உயிரோடு விளையாடுவது. முதல் தடவை ரிலே தன் வேலையைச் செய்திருக்கும். இரண்டாம் தடவை கம்பி காய்ந்த இடத்துக்குப் புரண்டிருந்தால், பிரேக்கர் மறுபடி திறக்காது, லைன் உயிரோடே கிடக்கும்.

வீட்டிலிருந்தே தெரியும் அறிகுறி

இது பலருக்குத் தெரியாதது. 11 கேவியில் ஒரு பேஸ் மட்டும் போனால், டெல்டா இணைப்பின் காரணமாகத் தெருவில் மூன்றில் ஒரு பேஸ் வீடுகளுக்கு 230 வோல்ட் ஒழுங்காக வரும், மற்ற இரண்டு பேஸ் வீடுகளுக்கும் பாதி, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி வரும். பல்பு மங்கும், ஃபேன் நகராது, ஃபிரிட்ஜ் உறுமும். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை மங்கலாகவும் சில மட்டும் சரியாகவும் இருந்தால், மேலே எங்கோ ஒரு 11 கேவி ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் அணைத்துவிட்டு 1912க்குப் போன் போட்டு, 'இரண்டு பேஸ் பாதி வோல்டேஜ்' என்றே சொல்லுங்கள். இரவு நேரமானால் டார்ச் இல்லாமல் தெருவில் இறங்க வேண்டாம்.

சில வீடுகளில் மங்கல், சில வீடுகளில் பல்பு பளீரென எரிந்து ஃபியூஸ் ஆகிறது என்றால் அது வேறு நோய்: எல்.டி. (வீட்டுக்கு வரும் தாழ்வழுத்த லைன்) நியூட்ரல் அறுந்திருக்கிறது. நியூட்ரல் இல்லாவிட்டால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 300ஐத் தாண்டி ஏறும். மெயின் ஸ்விட்சை உடனே இறக்க வேண்டும். டிவி போன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

அறுந்த கம்பியைப் பார்த்துவிட்டால் செய்ய வேண்டியது: குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே அருகில் இருந்தால் ஓடக் கூடாது. கம்பி தொட்ட இடத்திலிருந்து விலக விலகத் தரையின் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். எட்டி வைத்த இரண்டு கால்களுக்கும் நடுவே அந்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். பாதங்கள் ஒட்டியபடி, தரையைத் தேய்த்தவாறு சின்னச் சின்ன அடியாக நகர வேண்டும். கார்மேல் விழுந்தால் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே சமயத்தில் தொடாமல், இரண்டு கால்களும் சேர வெளியே குதிக்க வேண்டும். கட்டையால் கம்பியை நகர்த்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். வீட்டு 230 வோல்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்த வைத்தியம் 11,000 வோல்ட்டுக்கு ஆகாது. ஈரக் கட்டையும் கடத்தும்.

கம்பத்தில் கசிவு, தெருவில் தண்ணீர்

2022 செப்டம்பர் பெருமழையில், வைட்ஃபீல்டு சித்தாபுரா பக்கம் தண்ணீர் தேங்கிய சாலையில் ஸ்கூட்டர் சரிந்து, பிடிமானத்துக்குக் கம்பத்தைத் தொட்ட இளம்பெண் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். இது 11 கேவி கதை அல்ல. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்தான். இங்கேயும் கேள்வி அதேதான்: கம்பத்துக்குத்தான் எர்த் இருக்கிறதே, ஃபியூஸ் ஏன் போகவில்லை?

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலின் எர்த் 2 ஓம், கம்பத்தின் எர்த் 10 ஓம் என்று வையுங்கள். இரண்டுமே மோசமில்லாத அளவுகள். தெருவிளக்கு ஒயரின் தோல் உரிந்து பேஸ் கம்பத்தைத் தொட்டால் 230ஐ 12ஆல் வகுக்க, 19 ஆம்பியர் பாயும். கம்பத்தின் மேல் நிற்கும் வோல்டேஜ் 190க்கு மேல். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் இருக்கும் எல்.டி. ஃபியூஸோ நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கானது. 19 ஆம்பியருக்கு அது அசையாது. விடிய விடிய அந்தக் கம்பம் 190 வோல்ட்டில் நிற்கும். மண்ணில் குழாய் புதைத்துவிட்டால் கம்பம் பாதுகாப்பாகிவிடும் என்பது எல்.டி.யில் பாதி உண்மைகூட இல்லை. கம்பங்களை எர்த் ஒயரால் இணைத்து, உலோகப் பாதையாகவே டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல்வரை கொண்டுபோனால்தான் ஃபியூஸ் போகுமளவு கரண்ட் வரும். தெருவிளக்குச் சர்க்யூட்டுக்குக் கசிவைக் கண்டு விழும் ஸ்விட்சான ஈ.எல்.சி.பி. வைத்தால் இன்னும் நல்லது; சில பத்து மில்லியாம்பியர் கசிவிலேயே அது விழுந்துவிடும். மழை நாளில் அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்துவிடுகிறவர்கள்தான் உண்மையான வில்லன்கள். அது அடிக்கடி விழுகிறது என்றாலே எங்கோ கசிகிறது என்று பொருள்.

எல்.டி.க்கு இப்போது பொதுவாகப் போடுவது ஏபி கேபிள். உறையிட்ட மூன்று பேஸ் கம்பிகள், தாங்கும் கம்பி, தெருவிளக்குக்கு ஒன்று, எல்லாம் முறுக்கிய கட்டு: 3×95 + 1×70 + 1×16 சதுர மிமீ என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. மரக்கிளை உரசினாலும் பொறி இல்லை, கொக்கி போட்டுத் திருடுவதும் கஷ்டம். குறை எங்கே வருகிறதென்றால், வீட்டு இணைப்பு எடுக்கும் இடத்தில். உறையைக் குத்தித் தொடும் ஐபிசி கனெக்டருக்குப் பதிலாக, பிளேடால் சீவிச் சுற்றி டேப் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் தாங்காது.

பெங்களூரு எர்த்திங்குக்கு இன்னொரு எதிரி, பூமியே. லால்பாக் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கு அடியில் கிடப்பது நைஸ் பாறை. சில இடங்களில் செம்மண் நன்றாக இறங்கும், சில இடங்களில் ஒரு மீட்டரிலேயே கடப்பாரை 'ணங்' என்கும். 100 ஓம்-மீட்டர் மின்தடை உள்ள மண்ணில், 40 மிமீ விட்டம், 3 மீட்டர் நீளக் குழாய் ஒன்று தனியாகத் தருவது சுமார் 29 ஓம். டிரான்ஸ்ஃபார்மருக்கு 5 ஓமுக்குக் கீழே வேண்டும். ஆகவே பல குழாய்கள், ஒன்றுக்கொன்று நீளத்தைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 6 மீட்டர் தள்ளி. நெருக்கமாகப் புதைத்தால் ஒன்றின் மண்ணையே இன்னொன்றும் பங்கு போட்டுக்கொள்ளும், குழாய்க் காசு வீண். நடைபாதையில் 6 மீட்டர் இடைவெளிக்கு இடம் எங்கே? அங்கேதான் துளைபோட்டு ஆழமாக இறக்குவதும், பென்டோனைட் களிமண் கலவை நிரப்புவதும் வருகிறது. உப்பும் கரியும் பழைய வழி. வேலை செய்யும், ஆனால் உப்பு சில மழையில் கரைந்து போவதோடு ஜி.ஐ. குழாயையும் தின்னும். எர்த் அளவை மழை முடிந்த அக்டோபரில் எடுத்து நோட்டில் எழுதிக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. மார்ச், ஏப்ரலில் எடுக்க வேண்டும்.

தெருவோர டிரான்ஸ்ஃபார்மர்

2022 மார்ச்சில் உல்லால் பக்கத்தில் நடைபாதை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, அவ்வழியே ஸ்கூட்டரில் போன தந்தையும் மகளும் தீக்காயத்தில் இறந்தார்கள். அங்கே ஆளைக் கொன்றது கொதிக்கும் எண்ணெய். தொட்டியில் இருப்பது கனிம எண்ணெய். சுமார் 140 டிகிரியில் அதன் ஆவி தீப்பற்றும். உள்ளே ஒரு வில்பொறி எழுந்தால் எண்ணெய் நொடியில் வாயுவாகித் தொட்டியைக் கிழிக்கும்.

அதுவரை போகாமல் தடுக்க வேண்டியது ஃபியூஸ். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் எல்.டி. பக்கம் 133 ஆம்பியர் இழுக்கும்போது, 11 கேவி பக்கம் 5.25 ஆம்பியர்தான். அதற்கேற்ற மெல்லிய கம்பி இருந்தால், உள்ளே சுற்று கருகத் தொடங்கியதுமே அது போய்விடும். கோடையில் ஓவர்லோடில் இரண்டு தடவை ஃபியூஸ் போனதும் மூன்றாம் தடவை கையில் கிடைத்த தடித்த அலுமினிய இழையைக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது, ஃபியூஸும் தீர்ந்தது. அதன் பிறகு ஃபால்ட்டை நிறுத்த வேண்டியது மைல் தள்ளி இருக்கும் ஸ்டேஷன் பிரேக்கர். அதற்குள் தொட்டி கிழிந்திருக்கும்.

நடந்து போகிறவர் கண்ணுக்கே தெரியும் அறிகுறிகள் சில உண்டு. தொட்டியின் பக்கவாட்டில் புதிதாக வழிந்த எண்ணெய்க் கறை. மூச்சுக்குழாய்க் குப்பியில் நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டது. அதாவது ஈரம் உள்ளே போகிறது. எண்ணெயில் ஈரம் சேர்ந்தால் அதன் தாங்குதிறன் சரியும். 2.5 மிமீ இடைவெளியில் 30 கேவியாவது தாங்காத எண்ணெயை வடிகட்டவோ மாற்றவோ வேண்டும். எல்.டி. ஃபியூஸ் பெட்டியின் கதவு இல்லாமல் திறந்து கிடப்பது நகரத்தில் மிகச் சாதாரணமான காட்சி. கொய்யா வண்டிக்காரர் சாய்ந்து நிற்பதும் அதன்மேல்தான். நடைபாதை டிரான்ஸ்ஃபார்மர்களைத் தூக்கி ஒற்றை ஸ்பன் (சுழற்றி வார்த்த கான்கிரீட்) கம்பத்தின் மேல் வைக்கும் வேலை நடந்துவருகிறது. கை எட்டாது என்பது லாபம். ஆனால் எண்ணெய் கசிந்தால் இனி மேலிருந்து கொட்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பராமரிப்பு குறைந்தால் உயரம் காப்பாற்றாது. அடியில் குப்பை கொட்டித் தீ வைப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை.

லைன் கிளியர்

இங்கே பவர்மேன் என்றும் தமிழ்நாட்டில் ஒயர்மேன், லைன்மேன் என்றும் அழைக்கப்படுகிறவர்களின் உயிர் இந்த ஒரு நடைமுறையில்தான் தொங்குகிறது. வேலைக்குப் பொறுப்பானவர் துணை மின்நிலையத்தில் ஃபீடர் பெயர் சொல்லி எல்.சி., அதாவது லைனை அணைத்து வேலை செய்ய விடும் லைன் கிளியர் அனுமதி கேட்பார். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, பிரேக்கர் பொருத்திய தள்ளுவண்டியை வெளியே இழுத்து, லைனைப் பிரிக்கும் ஐசோலேட்டர் திறந்து, எர்த் ஸ்விட்ச் போட்டு, 'ஆள் வேலையில்' என்ற பலகை மாட்டி, எண் ஒன்றைத் தருவார். இரு பக்கமும் அந்த எண்ணும் நேரமும் நோட்டில் ஏறும். அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் லைன் சார்ஜ் ஆகக் கூடாது. 'சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டுடுங்க' என்று நேரம் சொல்லி வாங்கும் எல்.சி. எத்தனையோ குடும்பங்களை நடுத்தெருவில் விட்டிருக்கிறது.

ஸ்டேஷனில் எல்லாம் சரியாக நடந்தும் களத்தில் தவறுவது எங்கே? முதல் இடம், மூன்று பேஸையும் ஒன்றாகத் திறக்கும் கம்பத்துக் கேங் ஸ்விட்ச். கீழே கைப்பிடியை இறக்கியாயிற்று. மேலே மூன்று பிளேடில் இரண்டு திறந்து, ஒன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கைப்பிடியை நம்பக் கூடாது, நிமிர்ந்து மூன்று பிளேடையும் எண்ண வேண்டும். இரண்டாவது, ஒரே கம்பத்தில் இரண்டு ஃபீடர். எல்.சி. ஒன்றுக்கு வாங்கி, கை மற்றொன்றில் போகும். மூன்றாவது, பின்வழி வரும் கரண்ட். கடைக்காரர் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் செருகினால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து 433ஐ 11,000 ஆக்கும். எல்.சி. வாங்கிய லைன் அரை நொடியில் உயிர் பெறும். கூரை சோலாருக்கு இந்தப் பழியைப் போடுகிறவர்கள் உண்டு. முறையான கிரிட் இன்வெர்ட்டர் லைன் போனால் இரண்டு நொடிக்குள் தானே நின்றுவிடும். ஆபத்து திருட்டுத்தனமாகச் செருகிய ஜெனரேட்டரில்தான்.

இவை அத்தனைக்கும் மாற்று, வேலை செய்யும் இடத்தில் லைனை எர்த் செய்வது. வோல்டேஜ் டிடெக்டரை முதலில் உயிருள்ள லைனில் காட்டி அது கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் லைனில். பிறகு மறுபடியும் உயிருள்ள லைனில். இடையில் பேட்டரி போன டிடெக்டர் மௌனமாக இருந்தால், அதை 'கரண்ட் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா. அடுத்து, லைனை மண்ணோடு இணைக்கும் கொக்கிக் கோலான டிஸ்சார்ஜ் ராடு. முதலில் மண் முனையை இறுக்க வேண்டும், அதன் பிறகே கொக்கியை லைனில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது நேர் எதிர்: லைன் முனை முதலில், மண் முனை கடைசியில். வரிசை மாறினால், உயிருள்ள லைனுக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் கம்பி, ராடைப் பிடித்திருப்பவர்தான். வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும், மூன்று பேஸுக்கும் ராடு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு ஏறுவது பாதி வேலை. ஸ்விட்ச் இயக்கும்போது 17,000 வோல்ட்வரை பயன்படுத்தத்தக்க இரண்டாம் வகுப்புக் கையுறை போடுவது சரி. ஆனால் அதை நம்பி 11 கேவி கம்பியைப் பிடிக்கக் கூடாது.

ராடு கனம், ஏற்றி இறக்கக் கால் மணி நேரம் ஆகும், கீழே ஜனங்கள் 'எப்போ கரண்ட் வரும்' என்று சத்தம் போடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் ராடு போடாமல் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அறியாமை அல்ல, இந்த அவசரம்தான்.

பூமிக்கடியில் போட்டுவிட்டால்?

பெங்களூரில் 11 கேவி லைன்களை நிலத்தடிக்கு மாற்றுவது பெரிய அளவில் நடந்துவருகிறது. கம்பி அறுந்து விழாது என்ற அளவில் நல்லதுதான். ஆனால் ஆபத்து இடம் மாறுகிறது, போய்விடுவதில்லை. 11 கேவி கேபிள் 90 செமீ ஆழத்தில், மேலும் கீழும் மணல் மெத்தை, அதன்மேல் செங்கல் அல்லது காப்பு ஓடு, அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா என்று கிடக்க வேண்டும். தோண்டுகிறவரின் மண்வெட்டி முதலில் நாடாவில் பட வேண்டும் என்பதுதான் கணக்கு. இங்கே பெரும்பாலும் சாலையை வெட்டாமல் கிடைமட்டத் துளை போட்டு இழுக்கிறார்கள். துளை இரண்டு மூன்று மீட்டர்வரை இறங்கும், நாடாவும் ஓடும் இருக்காது, போன வழியின் வரைபடம் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியோடு போய்விடும். பிறகு குடிநீர்க் குழாய்க்காரரோ எரிவாயுக் குழாய்க்காரரோ அதே இடத்தில் இறங்குவார். தோண்டுமுன் மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைத் தொடங்கியது. அது பயன்பட வேண்டுமானால் கேபிள் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் மறுமுனையில் இருக்க வேண்டும்.

கேபிளின் பலவீனம் மூட்டில். மேலுறையையும் செப்பு நாடாவையும் நீக்கிய பின், கருப்பு அரைக்கடத்திப் படலத்தைச் சீவும்போது கத்தி உள்ளே வெள்ளை எக்ஸ்எல்பிஈ பிளாஸ்டிக் காப்பில் மயிரிழை அளவு கீறினால்கூடப் போதும். சோதனையில் தேறும். கீறலில் சிக்கிய காற்றுக்குமிழில் மெல்ல மெல்லப் பொறி நடந்து, ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்து மூட்டு வெடிக்கும். அதனால்தான் மூட்டுப் போடுகிறவர் கையெழுத்தும் தேதியும் பதிவில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். பழைய எக்ஸ்எல்பிஈ கேபிளைப் பெரிய டி.சி. வோல்டேஜில் சோதிப்பதும் தவறு. அதில் காப்புக்குள் தங்கிவிடும் மின்னூட்டம் நல்ல கேபிளையும் கெடுக்கும். 0.1 ஹெர்ட்ஸ் தாழ் அதிர்வெண் சோதனைதான் முறை.

நிலத்தடி அமைப்பு ஆர்.எம்.யூ. எனப்படும் தெருவோர ஸ்விட்ச் பெட்டிகள் மூலம் வளையமாக இருப்பதால், ஒரு கேபிளுக்கு இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் வரக்கூடும். எல்.சி. இரண்டு முனைக்கும் வேண்டும். குழியில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நான்கு கேபிள் கிடந்தால், எது செத்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து இயக்கும் ஆணித் துப்பாக்கியால் குத்தி உறுதி செய்யாமல் ரம்பம் வைக்கக் கூடாது.

பால்கனி

ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் போன்ற நெருக்கமான தெருக்களில் லைன் வீட்டை நோக்கி வந்ததைவிட வீடு லைனை நோக்கிப் போனதுதான் அதிகம். 11 கேவி கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். 66 கேவிக்குப் பக்கவாட்டில் 2.3, மேலே 4 மீட்டர். இரண்டாம் மாடியில் மூன்றடி பால்கனி நீட்டினால் அந்த 1.2 மீட்டர் முடிந்தது. அங்கே இறப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்ல. சாரக் கம்பியையும் 12 மிமீ இரும்புக் கம்பியையும் மாடிக்கு ஏற்றும் கூலித் தொழிலாளி. 11 கேவியில் கம்பி தொட வேண்டியதுகூட இல்லை, மிக அருகே போனாலே தாவும். கட்டடம் எழுப்புமுன் லைனை மாற்றித் தரக் கேட்டு விண்ணப்பித்து, செலவைக் கட்டினால் உறையிட்ட கம்பியோ கேபிளோ போட்டுத் தருவார்கள். வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. கம்பியில் பிவிசி குழாயைச் செருகிவிட்டால் போதும் என்று மேஸ்திரிகள் சொல்வதைக் கேட்க வேண்டாம்; அந்தக் குழாய் 11 கேவியைத் தாங்கச் செய்ததல்ல.

ஆடி மாத அம்மன் விழாவுக்குச் சீரியல் லைட் போடும்போதும், ஃப்ளெக்ஸ் பேனரின் இரும்புச் சட்டத்தை நிமிர்த்தும்போதும் இதே இடைவெளிகள்தான் கணக்கு. தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்து மீட்டரோடு வாங்கி, பந்தலுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டு விழும் ஸ்விட்ச்) ஒன்று வைத்துவிட்டால், மழையில் நனைந்த சீரியல் பல்பு மூங்கிலையோ தகரத்தையோ தொட்டாலும் ஸ்விட்ச் விழும். புகார் செய்ய நேர்ந்தால், தெருப்பெயரைவிட கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மர் தொட்டியிலோ பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். எந்த ஃபீடரை அணைக்க வேண்டும் என்பது அந்த எண்ணிலிருந்து தெரிந்துவிடும். மூன்றாவது கிராஸ் என்ற பெயரில் பெங்களூரில் நூறு தெரு இருக்கும்.